பெட்டி மாற்றும்போது வயரையும் மாற்றவேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 72 வயது. நீரிழிவும் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன் அடிக்கடி தலைசுற்றி விழுந்தார். ‘கம்ப்ளீட் ஹார்ட் புளொக்’ (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்செய்தி போகாமல் தடைபடுவது) என்று சொல்லி, கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில், மின்சாரம் கொடுத்து இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியான பேஸ்மேக்கரை, இரண்டு வயர் உள்ளதாகப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு விழவே இல்லை. போன மாதம் கிளினிக்கில் சோதித்தபோது, பற்றரி முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது, பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், வயர்கள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு இதில் திருப்தி இல்லை. ‘ஒன்பது வருடப் பழைய வயரில் புதுப் பெட்டியை மாட்டுவதா? இப்போது நுனியில் வருகிற மின்வாய்களே வேறு மாதிரி. வயரே இல்லாத பேஸ்மேக்கரும் வந்துவிட்டது. பழையதை எல்லாம் எடுத்துவிட்டுத் தனியாரில் புதிதாகச் செய்வோம், காசு நான் அனுப்புகிறேன்’ என்கிறார். சோதனைத் தாளில் ஒரு எண், பொருத்திய காலத்தில் 0.6 வோல்ட்டாக இருந்தது, இப்போது 1.0 வோல்ட் ஆகியிருப்பதைப் பார்த்து வயர் தேய்கிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். வயர் நுனியில் ஸ்டீரொய்ட் மருந்து இருக்கிறதாமே, அம்மாவின் சீனி கூடுவதற்கு அதுதான் காரணமோ என்பது வாசகியின் சந்தேகம். அண்ணா வருவதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா என்றும் கேட்கிறார். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: ‘சில மாதமாக மூன்றாம் மாடிக்கு ஏறினால் அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. வயசுதானே என்று விட்டுவிட்டோம்.’

சகோதரி, அந்தக் கடைசி வரியைத்தான் நான் இரண்டு தடவை வாசித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சுருக்கமான பதில்: நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தால் அந்த வயர்களை வெளியே எடுக்க ஒரு காரணமும் தெரியவில்லை. ஐந்து மாதம் பொறுக்க முடியாது. பெட்டியை மாற்றுவதற்கு முன் ஒரு எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தே ஆகவேண்டும்.

முதலில் அந்த எண்கள்

பேஸ்மேக்கரில் இரண்டு பாகங்கள். கழுத்துக்கடியில் தோள்வரை போகும் காறை எலும்புக்குக் கீழே தோலடியில் இருப்பது பெட்டி. பற்றரியும் ஒரு சின்னக் கணினியும் அதற்குள் சேர்த்து மூடப்பட்டிருக்கின்றன. பற்றரியைத் தனியாகக் கழற்ற முடியாது என்பதால்தான் பெட்டியையே மாற்றுகிறோம். அதிலிருந்து ஒரு நாளத்தின் வழியாக இதயத்துக்குள் இறங்குவது வயர். நாங்கள் லீட் என்போம். வயரின் நுனியில் தசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம்தான் மின்வாய். பெட்டி மாற்றும் அன்று பழைய பெட்டியிலிருந்து வயரைக் கழற்றிப் புதியதில் செருகுவோம். செருகும் முனைக்கு ஐ.எஸ்-1 என்று ஒரு சர்வதேச அளவு இருக்கிறது. அதனால் ஒரு கம்பனியின் வயர் இன்னொரு கம்பனியின் பெட்டியிலும் பொருந்தும்.

இதயத்தை ஒரு தடவை துடிக்கவைக்க ஆகக் குறைந்தது எத்தனை வோல்ட் வேண்டும்? அண்ணா பார்த்த 0.6, 1.0 என்பவை அதற்கான விடைகள். த்ரெஷோல்ட் என்று தாளில் போட்டிருக்கும். பக்கத்திலேயே 0.4 மில்லிசெக்கன் என்று இருக்கும். எவ்வளவு நேரத்துக்கு அந்த மின்சாரம் கொடுக்கப்படுகிறது என்பது அது. இந்த எண் கூடுவதற்கு வயர் தேயவேண்டியதில்லை. அந்நியப் பொருள் ஒன்று தசையைத் தொட்டதும் அந்த இடத்தில் அழற்சி வரும், முதல் சில வாரம் த்ரெஷோல்ட் ஏறும். பிறகு இறங்கி, இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். அதற்குள் நுனியைச் சுற்றி மெல்லிய தழும்பு உறை படிந்துவிடும். தழும்புக்கு மின்சாரத்தால் துடிக்கத் தெரியாது. அந்த உறையைத் தாண்டித்தான் உயிருள்ள தசையைத் தொடவேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வோல்ட் வேண்டும். ஒன்பது வருடம் கழித்து 1.0 வோல்ட் என்பது நல்ல எண். எனக்கு வருகிற எல்லாத் தாள்களிலும் இப்படி இருந்தால் சந்தோஷப்படுவேன்.

வயர் கெட்டுப்போனதா என்று பார்க்க வேறொரு எண் இருக்கிறது: இம்பீடன்ஸ், அதாவது மின்தடை. அம்மாவுக்கு 560 ஓம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயரைச் சுற்றியுள்ள சிலிக்கோன் அல்லது பொலியூரத்தேன் உறை கிழிந்தால் இந்த எண் திடீரென விழுந்து 200க்குக் கீழே போகும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் முறிந்தால் 2000க்கு மேலே பாயும். ஒரு நாளைய எண்ணைவிட வருடக்கணக்கான போக்குதான் முக்கியம். அடுத்த தடவை போகும்போது அந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சமதரையாக ஓடினால் வயரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

நுனி எப்படி மாறிவந்தது

‘மின்வாய்கள் வேறு மாதிரி வந்துவிட்டன’ என்று அண்ணா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கிற பெரிய மாற்றங்களில் பல, அம்மாவின் வயரிலேயே ஏற்கெனவே இருக்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எனக்குப் பிடித்த கதையும்கூட.

உடலுக்குள் முழுதாகப் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட், சத்திரசிகிச்சை செய்தவர் ஓகே சென்னிங். நெஞ்சைத் திறந்து மின்வாய்களை இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்தார்கள். அந்தக் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. லார்சனோ அதற்குப் பிறகு இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001வரை வாழ்ந்தார். அதே 1958இல் நியூயோர்க்கில் சீமோர் ஃபர்மன், நெஞ்சைத் திறக்காமல் நாளம் வழியாக வயரை உள்ளே அனுப்பிக் காட்டினார். அம்மாவுக்குச் செய்தது அவர் காட்டிய வழியில்தான்.

அந்தக் காலத்து மின்வாய்கள் பெரியவை, வழவழப்பானவை. பெரிய உலோகம் என்றால் தசையில் நன்றாகத் தொடும், மின்சாரம் நன்றாகப் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். உங்கள் கடிதத்திலும் ‘பெரிய நுனி வைத்தால் நல்லதல்லவா’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. நடப்பது நேர்மாறு. தசையைத் துடிக்கவைப்பது மொத்த மின்சாரத்தின் அளவல்ல, ஒரு சின்ன இடத்தில் அது எவ்வளவு அடர்த்தியாக இறங்குகிறது என்பது. நுனி பெரிதானால் மின்சாரம் பரவிப்போய் வீணாகும், பற்றரியும் சீக்கிரம் வற்றும். நுனி சின்னதானால் அடர்த்தி கூடும். மின்தடையும் கூடுவதால் ஒவ்வொரு துடிப்புக்கும் பற்றரியிலிருந்து இறங்கும் மின்னோட்டம் குறையும். இன்றைய நுனிகள் பெரும்பாலும் 5 முதல் 8 சதுர மில்லிமீற்றர். 1.2 சதுர மில்லிமீற்றர் வரைக்கும் சின்னதாகச் செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. உலோகத்துக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை இலத்திரன்கள், உடம்பின் திரவத்தில் சுமப்பவை அயன்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் மின்னேற்றம் தேங்கி நிற்கும். முனைவாக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நுனி சின்னதாகவும் வழவழப்பாகவும் இருந்தால் இந்தத் தேக்கம் கூடும். கொடுத்த வோல்ட்டில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும். துடிப்பு முடிந்த பிறகும் மிச்ச மின்னேற்றம் கொஞ்ச நேரம் நிற்பதால், இதயம் தானாகத் துடித்ததா இல்லையா என்று கருவிக்குப் புரியாமல் போகும்.

ஆகவே வெளியிலிருந்து பார்க்கச் சின்னதாகவும், நுண்ணோக்கியில் பார்க்கப் பெரிதாகவும் ஒரு நுனி வேண்டும். வழி என்னவென்றால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது. பிளாட்டினம்-இரிடியம் கலப்புலோகத்தின்மேல் டைட்டானியம் நைட்ரைட் அல்லது இரிடியம் ஒக்சைட் பூசுகிறார்கள், அல்லது துளைத்துளையாகச் செய்கிறார்கள். ஒரே அளவு மெல்லிய சீலைத்துண்டையும் குளியல் துவாயையும் எடுத்துப் பாருங்கள். துவாயின் நூல்வளையங்கள் எவ்வளவு நீரைப் பிடிக்கின்றன! அதே தந்திரம்தான். கண்ணுக்குத் தெரியும் பரப்பைவிட உண்மையான பரப்பு நூற்றுக்கணக்கான மடங்கு கூடிவிடுகிறது, மின்னேற்றம் தேங்குவதில்லை.

மூன்றாவது மாற்றம் 1983இல் வந்தது. நுனிக்குப் பின்னால் சிலிக்கோனில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்டை வைத்து, அது மெல்ல மெல்லக் கசிய விட்டார்கள். அழற்சி அடங்கியது, முதல் வாரங்களில் வரும் அந்த ஏற்றம் பெரும்பாலும் காணாமல் போனது, தழும்பு உறையும் மெலிந்தது. அதற்கு முன்பெல்லாம் த்ரெஷோல்ட் ஏறுமோ என்ற பயத்திலேயே 5 வோல்ட்டில் வைத்து பற்றரியைத் தின்னவிடவேண்டியிருந்தது.

அம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.0 வோல்ட்டுக்குப் பாதுகாப்பாக இரட்டிப்பு, 2 வோல்ட் கொடுக்கிறோம். 560 ஓம், 0.4 மில்லிசெக்கன். ஒரு துடிப்புக்குச் செலவு 3 மைக்ரோஜூலுக்கும் குறைவு. 4 வோல்ட் தேவைப்பட்டிருந்தால் 11ஐத் தாண்டியிருக்கும், ஏனென்றால் வோல்ட் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் துடிப்பு. அந்தப் பெட்டி ஒன்பது வருடம் ஓடியதற்கு அண்ணா வேண்டாம் என்று சொல்கிற அந்த நுனிக்கும் பங்கு இருக்கிறது.

சீனியும் ஸ்டீரொய்டும்

பயப்படாதீர்கள். நுனியில் இருக்கும் மருந்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதுவும் ஒரே நாளில் இறங்குவதில்லை, வருடக்கணக்கில் கசிகிறது, அதன் வேலை நுனியைச் சுற்றிய சில மில்லிமீற்றருக்குள் முடிந்துவிடுகிறது. அம்மாவின் சீனி கூடுவதற்கு வேறு காரணம் தேடுங்கள். சாப்பாடு, மருந்து தவறுவது, ஏதாவது தொற்று. இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெட்டி மாற்றும் நாளுக்கு முன் சீனி கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூட. பேஸ்மேக்கர் குழிக்குள் தொற்று வந்தால், இன்று ‘எடுக்கத் தேவையில்லை’ என்று நான் சொல்லும் அதே வயர்களை அன்று எடுத்தே ஆகவேண்டி வரும்.

எடுப்பதா, விடுவதா

வயரைக் கழற்றுவதென்றால் இழுத்தால் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் அது நாளத்தின் சுவரோடும் இதயச் சுவரோடும் பல இடங்களில் ஒட்டி, தழும்பால் மூடப்பட்டிருக்கும். லேசர் குழாயோ சுழன்று வெட்டும் குழாயோ கொண்டு தழும்பை அறுத்து அறுத்துத்தான் வெளியே எடுக்கவேண்டும். அனுபவம் உள்ள இடங்களிலேயே நூறில் ஒருவர் இருவருக்கு நாளமோ இதயமோ கிழிந்து உயிராபத்தாகும் அளவுக்குச் சிக்கல் வருவதுண்டு. தொற்று வந்தால் இந்த ஆபத்தை எடுக்கத்தான் வேண்டும். நன்றாக வேலைசெய்யும் வயருக்காக எடுப்பது நியாயமில்லை.

பழையதை உள்ளேயே விட்டுவிட்டுப் புது வயர் ஒன்றைச் சேர்ப்பது? அதுவும் சும்மா இல்லை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெட்டி மட்டும் மாற்றியவர்களில் ஆறு மாதத்துக்குள் பெரிய சிக்கல் வந்தது 4 சதவீதத்தினருக்கு. புதிதாக வயரும் சேர்த்தவர்களில் அது 15 சதவீதத்தைத் தாண்டியது. அதில் டிஃபிப்ரிலேட்டர் (ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தவர்களும் அடக்கம் என்பதால் அந்த எண்களை அம்மாவுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பாருங்கள்.

வயர் இல்லாத பேஸ்மேக்கர் உண்மைதான். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் வகை, இரண்டரை சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கொஞ்சம் மேல், இரண்டு கிராம் எடை. தொடை நாளத்தின் வழியாகக் கொண்டுபோய் வலது கீழறையில் மாட்டிவிடுவார்கள். மின்வாய் கருவியின் முகத்திலேயே இருக்கும். நாளங்கள் அடைபட்டவர்களுக்கும், தொற்று வந்து எல்லாவற்றையும் எடுக்கவேண்டி வந்தவர்களுக்கும் அது வரப்பிரசாதம். அம்மாவுக்கு இரண்டு நல்ல வயர்கள் இருக்கின்றன. மேலறையும் கீழறையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்க அவை உதவுகின்றன. அதை விட்டுவிட்டு, விலை பல மடங்கு கூடிய, சில வருடம் கழித்து வெளியே எடுப்பது கடினமான ஒன்றுக்கு ஏன் போகவேண்டும்? அதோடு, அடுத்து நான் சொல்லப்போகும் பிரச்சினையை அந்தக் கருவியும் தீர்க்காது.

மூச்சு வாங்கும் அந்த வரி

வயதாகத்தான் இருக்கலாம். இரத்தச்சோகை, தைரொய்ட், இதய இரத்தக்குழாய் அடைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. (ஹார்ட் புளொக் என்பது மின்பாதை பழுதாவது, இரத்தக்குழாய் அடைப்பு வேறு. அது இருக்கிறதா என்று பேஸ்மேக்கர் சோதனையில் தெரியாது.) ஆனால் பேஸ்மேக்கர் உள்ள ஒருவருக்கு மூச்சு வாங்கினால் இரண்டு விடயங்களை முதலில் பார்ப்பேன்.

ஒன்று, எப்போது தொடங்கியது? பற்றரி ‘மாற்றவேண்டும்’ என்ற கட்டத்தைத் தொட்டதும் சில கருவிகள் சக்தியை மிச்சம்பிடிக்க மேலறை வயரை விட்டுவிட்டு, கீழறையை மட்டும் நிமிடத்துக்கு 65 தடவை துடிக்கவைக்கும் முறைக்குத் தாமாகவே மாறிவிடும். அந்த நாளிலிருந்து ஆளுக்குக் களைப்பு, மூச்சு, தலை கனதி. பெட்டி மாறியதும் சரியாகிவிடும். ஆனால் நீங்கள் ‘சில மாதமாக’ என்கிறீர்கள். கட்டம் தொட்டது எந்தத் திகதி என்று கருவியில் பதிவாகியிருக்கும், கேட்டுப் பாருங்கள். மூச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தால் அடுத்ததைப் பார்க்கவேண்டும்.

அடுத்தது, நுனி இருக்கும் இடம். தாளில் கீழறைத் துடிப்பில் 98 சதவீதத்தைப் பேஸ்மேக்கர்தான் கொடுக்கிறது என்று இருக்கிறது. ஒன்பது வருடமாக அம்மாவின் இதயம் ஏறத்தாழ ஒவ்வொரு தடவையும் வலது கீழறையின் ஒரு மூலையிலிருந்து துடிக்கத் தொடங்கியிருக்கிறது. இயல்பான மின்பாதையில் போனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்கும். இப்படிப் போனால் வலது பக்கம் முந்தும், இடது பக்கம் பிந்தும். பெரும்பாலானோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இப்படி அதிகமாகப் பேஸ்மேக்கரால் துடிக்கவைக்கப்படுபவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரையானோருக்கு, வருடங்கள் போகப் போக இதயத் தசை பலவீனமாகிறது. நுனி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் இடம் அதுவேயென்றால் இந்த ஆபத்தும் அதுவேதான்.

அதனால்தான் எக்கோ. இதயம் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியும், ஈ.எஃப். என்று எழுதியிருப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் 55 சதவீதம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள், அது நல்லது. இப்போதும் ஏறத்தாழ அப்படியே இருந்தால் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்கு வரலாம். 50க்குக் கீழே தெளிவாக இறங்கியிருந்தால் கதை வேறு. அப்போது புது வயர் ஒன்று சேர்ப்பதன் ஆபத்தை எடுக்கலாமா என்று வைத்தியரோடு கதைக்கவேண்டும்; அண்ணாவின் காசுக்கும் அங்கே வேலை இருக்கும்.

அந்த வயர் இரண்டு வகையாக இருக்கலாம். இடது கீழறையின் வெளிப்புற நாளம் ஒன்றுக்குள் செலுத்துவது ஒன்று. நான்கு மின்வாய்கள் உள்ள வயர் என்றால் எது நல்ல இடம் என்று பிறகும் தெரிவுசெய்யலாம். மற்றது, இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவருக்குள் மின்வாயைத் திருகித் திருகி ஆழமாக இறக்கி, இதயத்தின் சொந்த மின்பாதையின் இடது கிளையைத் தொடுவது. 2017இல் சீனாவின் வென்ஜோ நகரில் வெய்ஜியான் ஹுவாங் குழுவினர் இதை வெளியிட்டார்கள். இதற்கென்று புது மின்வாய் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். ஏற்கெனவே இருந்த, ஒன்றரை மில்லிமீற்றருக்கும் மெல்லிய, நிலையான திருகாணி நுனி உள்ள வயரை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள். மின்வாய் வடிவமைப்பில் இப்போது நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி இந்த இடத்தை நோக்கித்தான்: சுவருக்குள் இலகுவாகத் திருகிப்போகும், துளைத்துக்கொண்டு மறுபக்கம் வராத, தேவைப்பட்டால் கழற்றக்கூடிய நுனி. அண்ணா வாசித்தவற்றில் அம்மாவுக்கு உண்மையில் பயன்படக்கூடியது இதுதான், அதுவும் எக்கோ சொன்னால் மட்டும்.

கேட்டு வாங்கவேண்டியவை

முதலாவது, திகதி. பற்றரி ‘மாற்றும்’ கட்டத்தைத் தொட்ட பிறகு பொதுவாக மூன்று மாதம் கையில் இருக்கும். அதில் ஒரு மாதம் போய்விட்டது. அம்மாவின் இதயம் பேஸ்மேக்கரையே நம்பியிருப்பதால் இதில் விளையாட வேண்டாம். அண்ணா வீடியோவில் பார்க்கட்டும். அரச வைத்தியசாலையில் எக்கோவுக்குத் திகதி தள்ளிப்போனால் வெளியே ஒரு இதயநோய் நிபுணரைச் சனல் பண்ணி எடுத்துக்கொண்டு, அறிக்கையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இரண்டாவது, வயர்களின் மொடல் இலக்கம். பொருத்தியபோது தந்த அட்டையில் இருக்கும். தொலைந்திருந்தால் பழைய கிளினிக் கொப்பியில் தேடுங்கள், வைத்தியசாலைப் பதிவிலும் கேட்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு இது முக்கியம். வயரும் பெட்டியும் இரண்டும் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவையாக இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்த தொகுதியாக அனுமதி பெற்றிருக்கவேண்டும். வேறு கம்பனிப் பெட்டி செருகப் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் அந்த அனுமதி போய்விடக்கூடும். முதுகுவலியோ பக்கவாதமோ வந்து ஸ்கேன் தேவைப்படும் நாளில்தான் இது தெரியவரும். புதுப் பெட்டியைத் தெரிவுசெய்யும் முன் கேளுங்கள். த்ரெஷோல்ட்டைத் தானே அளந்து வோல்ட்டைக் குறைக்கும் வசதி புதுப் பெட்டியில் உண்டா, அம்மாவின் வயரோடு அது வேலைசெய்யுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பற்றரிக்கு நல்லது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ‘இலவசம் என்றால் பழைய சாமான்’ என்று அண்ணா நினைப்பது தவறு. நாட்டுக்குள் வரும் இப்படியான கருவிகள், எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் கீழ்தான் வருகின்றன. அதற்கு 2015இன் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தனியாரில் செய்வதென்று முடிவெடுத்தால் பெட்டி, வயர், தங்கும் செலவு, வைத்தியர் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். விலைகூடிய வயர் தேவைப்பட்டு வசதி போதாவிட்டால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஓடித்திரிவது கஷ்டம்.

ஒப்புதல் படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் அம்மா. அண்ணாவும் நீங்களும் எவ்வளவு வாதாடினாலும், என்ன செய்யப்போகிறார்கள் என்று அவருக்கு விளங்கவேண்டும், அவர் சம்மதிக்கவேண்டும். கடிதத்தில் நான்கு பக்கத்திலும் அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை, அதனால் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெட்டி மட்டும் மாற்றினால் கையைக் கட்டிவைக்கத் தேவையில்லை. வயர் புதிது என்றால் நுனி பிடிக்கும்வரை நான்கைந்து வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. சமையலறையில் இன்டக்ஷன் அடுப்பு இருந்தால் இரண்டு அடி தள்ளி நிற்கட்டும், மைக்ரோவேவ் பரவாயில்லை. கைபேசியைச் சட்டைப்பையில் பெட்டிக்கு மேலே வைக்க வேண்டாம், மற்றக் காதில் வைத்துக் கதைக்கலாம்.

காயத்தில் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் பூசாதீர்கள். கொழும்பு வெக்கையில் வியர்வை பட்டு நனைந்தால் மெதுவாக ஒற்றித் துடைத்துவிட்டு, கட்டு மாற்றச் சொன்ன இடத்திலேயே மாற்றுங்கள். பெட்டி இருக்கும் இடம் சிவந்து சூடாகினாலோ, வீங்கினாலோ, துளியளவு சீழ் தெரிந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள். பக்கத்துக் கடையில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அது தொற்றை மூடிவைக்கும், ஆனால் போக்காது.